நாலு கட்டத்துலயும் கையெழுத்து

காலையில ஒம்போதரை மணிக்கே நாலு கட்டத்துலயும் கையெழுத்துப் போட்டாச்சு. முதல் வகுப்பு, டீக்கு அப்புறம், சாப்பாட்டுக்கு அப்புறம், கடைசி வகுப்புன்னு வருகைத்தாள்ல நாலு கட்டம். எல்லாத்தையும் இப்பவே போட்டுருங்க, ஒவ்வொரு தடவையும் தாளைத் தூக்கிட்டு உங்க பின்னாடி அலைய முடியாதுன்னு பாடம் நடத்த வந்த ஞானதிரவியம் சாரே சொன்னாரு. அதனால தாளைக் கேட்டா, சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் சென்னியப்பன் இந்த ஹால்ல உக்காந்து முடிச்சுட்டான்னு சொல்லும். இனிமேல்தான் உக்காரணும். இப்ப மணி பதினொண்ணே கால். டீ முடிஞ்சு ரெண்டாவது வகுப்பு. நாப்பது பேர் இருக்கோம், எல்லாரும் கோயமுத்தூர் சுத்துவட்டாரத்துல கட்டடம் எழும்பற எடங்கள்ல மேற்பார்வை பாக்கறவங்க, ஹெல்மெட் இல்லாம பாத்தா பாதிப் பேரோட தலை வழுக்கைன்னு இன்னைக்குத்தான் தெரியுது. மேடையில கட்டுமானப் பாதுகாப்புப் புத்தாக்கப் பயிற்சின்னு ஃபிளெக்ஸ். புத்தாக்கம்னா என்ன, மறந்து போனதைத் திரும்ப ஞாபகப்படுத்தறது. எனக்கு எதுவும் மறக்கல. அதுதான் இப்ப கஷ்டமே. ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா இங்க வந்து உக்காந்தாத்தான் சர்டிபிகேட், அது இருந்தாத்தான் சேஃப்டி சூப்பர்வைசர் வேலை, என்ற சர்டிபிகேட் இந்த மாசக் கடைசியோட முடியுது. நடுவுல எந்திரிச்சுப் போறவங்களுக்கு சர்டிபிகேட் கிடையாது, கேட்டியளான்னு ஞானதிரவியம் சார் முதல்லயே சொல்லிட்டாரு. திசையன்விளை பக்கத்துக்காரரு, ரிட்டயர்டு ஆபீசரு, எதைச் சொன்னாலும் கடைசியில ஒரு கேட்டியளா. கேட்டோம். போனையெல்லாம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டி ஒரு நீலக் கூடையில வாங்கி வெச்சுட்டாரு. என்றது பதினேழு. ஒரு மணிக்குச் சாப்பாட்டுக்கு விடறப்பத்தான் தருவாரு. ஒரு மணிக்கு இன்னும் நூத்தியஞ்சு நிமிஷம்.

ஜன்னலுக்கு வெளியே ரோட்டுக்கு அந்தப்பக்கம் ஒரு கல்யாண ஃபிளெக்ஸ் கட்டியிருக்காங்க. மாப்பிள்ளையும் பொண்ணும் சிரிக்கறாங்க, சுத்தி சொந்தக்காரங்க நாப்பது தலை. ஒம்போதரைக்குப் பாத்தப்ப மாப்பிள்ளை சும்மா நின்னுட்டிருந்தான். பத்தரைக்கு வயிறு உப்ப ஆரம்பிச்சுது. இப்ப முகமே மடங்கி மடங்கி விரியுது, கீழ வலதுபக்கக் கயிறு அவுந்து போச்சு. ஆடி மாசம் பொறந்து ஆறு நாள். பாலக்காட்டுக் கணவாய் வழியா வர்ற காத்துக்கு நேரம் காலம் உண்டு, காலையில சாதுவா இருக்கும், பதினொண்ணுக்கு மேல புடிக்க ஆரம்பிச்சு மத்தியானம் ரெண்டு மூணு மணிக்கு ஆளையே தள்ளும். இந்த ஊர்ல பொறந்தவனுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்ல. என்ற சைட் இங்கிருந்து பதினாலு கிலோமீட்டர், சரவணம்பட்டி தாண்டி, பன்னெண்டு மாடி. கிழக்குப் பக்கம் வெளிப்பூச்சு நடக்குது. சாரம் கட்டி, கலவை கீழ சிந்தாம இருக்க மேலிருந்து கீழ வரைக்கும் பச்சை வலை போத்தியிருக்கோம். வலை போத்தின சாரத்துக்கும் இந்த மாப்பிள்ளைக்கும் ஒரு வித்தியாசமும் இல்ல. ரெண்டும் காத்தை வயித்துல வாங்கும். கிழக்குப் பக்கம்தானே, மேக்கால இருந்து வர்ற காத்தைக் கட்டடமே மறைக்கும்னு யாராவது சொல்லலாம். மூலை திரும்பி உள்ள பூந்து வெளிய தள்ளும், அதுதான் மோசம். வலை இருந்தா காத்துக்காக டை பைப்பை எச்சா போடணும், குறைக்கக் கூடாது. இதை மேடையில அவரும் சொல்றாரு, கிட்டத்தட்ட இதே வார்த்தையில. நான் நோட்டுல எழுதிக்கறேன். எதுக்கு எழுதறேன்னு தெரியல, கை தானா எழுதுது.

சாரம் தானா நிக்கற பொருள் இல்ல. கட்டடத்தைப் புடிச்சுட்டுத்தான் நிக்கும். ஜன்னல் வெக்க விட்டிருக்கற ஓட்டை வழியா ஒரு பைப்பை உள்ள விட்டு, உள்பக்கம் குறுக்கே இன்னொரு பைப்பு வெச்சு கிளாம்ப் போட்டு முறுக்கிருவோம், அதுதான் டை பைப்பு. நேத்து சாயங்காலம் அஞ்சு மணிக்குக் கீழ இருந்து அண்ணாந்து பாத்தேன், ஒம்போதாவது மாடியில வரிசையா மூணு ஓட்டையில பைப்பு இல்ல. பளபளன்னு அலுமினியம் ஃபிரேம் இருந்துது. ஜன்னல்காரங்களுக்கு அவங்க வேலை முடியணும், பைப்பு எடஞ்சலா இருக்குது, ஸ்பேனர் எடுத்து அவுத்து மூலையில சாத்திட்டாங்க, அவ்வளவுதான். அவங்க மேல கோவம்கூட வரல. ஃபோர்மேன் குப்புராஜைக் கூப்பிட்டேன். மூணும் வேற எடத்துல வெச்சாவது போட்டாகணும், போடாம நாளைக்கு ஒருத்தனும் ஏறக்கூடாதுன்னேன். போட்டுப்போடலாமுங் சார்னான். குப்புராஜ் நல்லவன். போட்டுப்போடலாமுங்கறதுதான் அவனோட பதில், எதைக் கேட்டாலும் அதுதான், பாதி தடவை போட்டும் இருப்பான். இன்னைக்குக் காலையில ஏழே முக்காலுக்கு சைட்டுக்குப் போனேன், குப்புராஜ் இன்னும் வரல. எட்டு மணிக்கு இங்க வர கம்பெனி வண்டி. தினமும் காலையில சாரத்துல ஏறி, மேல வரைக்கும் பாத்து, சரியா இருந்தா ஏணிக்குப் பக்கத்துல தொங்கற பச்சை டேக்ல தேதி போட்டுக் கையெழுத்துப் போடணும். பச்சை இல்லைன்னா ஒருத்தரும் ஏற மாட்டாங்க, அந்தப் பழக்கத்தைக் கொண்டுவந்ததே நான்தான், ரெண்டு வருஷம் தொண்டை வறளக் கத்திக் கொண்டுவந்தேன். பன்னெண்டு மாடி ஏறி எறங்க முக்கால் மணி நேரம். புராஜெக்ட் மேனேஜர் காருக்குள்ள இருந்தே, சென்னியப்பன், டேக் எழுதிட்டுக் கிளம்புங்க, நீங்க பயிற்சிக்குப் போறதுக்காக வேலையை நிறுத்த முடியாதுன்னாரு. அவரு ஏறாம எழுதுன்னு சொல்லல. எழுதிட்டுக் கிளம்புன்னுதான் சொன்னாரு. ஏறாம எழுதினது நான். அண்ணாந்து பாத்தேன், ஒம்போதாவது மாடி வலைக்குப் பின்னால, காலை வெயில் வலை மேல அடிச்சு மின்னுச்சு, ஒண்ணும் தெரியல. பேனா எடுத்தேன். பாதுகாப்புப் பயிற்சிக்கு நேரமாச்சுன்னு சாரத்தைப் பாக்காம கையெழுத்துப் போட்டவன், இந்த நாப்பது பேர்ல நான் ஒருத்தன்தான் இருப்பேன்.

போட்டிருப்பான். குப்புராஜ் ராத்திரியே ஆளை விட்டுப் போட்டிருப்பான். போடலைன்னா? போட்டிருப்பான். இதையே காலையில இருந்து அம்பது தடவை சொல்லிட்டேன், செக்குமாடு மாதிரி அங்கயே சுத்துது. டீ நேரத்துல ரிசப்ஷன்ல போன் இருந்துது. அந்தப் பொண்ணு கூட, வேணும்னா பேசிக்கங்க சார்னுச்சு. குப்புராஜ் நம்பர் எனக்குத் தெரியாது. தினம் இருவது தடவை கூப்பிடறேன், பேரைத் தொடறேன், போகுது, நம்பர் யாருக்குத் தெரியும்? எனக்கு மனப்பாடமா தெரியறது என்ற பொண்டாட்டி நம்பர் ஒண்ணுதான். அவளைக் கூப்பிட்டு ஆபீசைக் கேளு, ஆபீஸ்ல மேனேஜரைக் கேளு, மேனேஜர்கிட்ட குப்புராஜைக் கேளுன்னா, எதுக்குன்னு கேப்பாங்க. அந்த எதுக்குத்தான் இடிக்குது. வழி இல்லாம இல்ல. ரெண்டு உளுந்து வடை தின்னேன், சட்னி நல்லா இருந்துதுன்னு பக்கத்து நாற்காலி பெர்னாட்கிட்ட சொன்னேன். பெர்னாட் பீளமேட்டுல ஏதோ ஆஸ்பத்திரிக் கட்டடத்துல சூப்பர்வைசர், இன்னைக்குத்தான் பழக்கம். அவரும் ஆமா ஆமான்னாரு, ஆனா அவரு வடையைத் தொடவே இல்ல. சர்க்கரையா இருக்கும்.

சென்னியப்பன், பதினேழு, நீங்க சொல்லுங்க, பச்சை டேக்ல கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி என்னென்ன பாக்கணும்? ஞானதிரவியம் சார்தான். பாடம் நடத்தறவங்களுக்கு மூக்கு வேர்க்குமோ என்னவோ. எந்திரிச்சேன். அடித்தகடு, தரை இறங்கியிருக்கா, நிக்கற பைப்பு நேரா இருக்கா, குறுக்குப் பைப்பு, பலகை ரெண்டு முனையும் கட்டியிருக்கா, கைப்பிடிக் கம்பி, டை பைப்பு எத்தனைக்கு எத்தனை, எதையாவது யாராவது கழட்டியிருக்காங்களான்னு ஒவ்வொண்ணா, கையில தொட்டு, கீழ இருந்து இல்ல, ஏறிப் பாக்கணும் சார்னேன். கீழ இருந்து இல்லன்னு நானேதான் சேத்துச் சொன்னேன், யாரும் கேக்கல. இதுதான் பதில், கேட்டியளா, எல்லாரும் கை தட்டுங்கன்னாரு. தட்டினாங்க. பெர்னாட் ரெண்டு தட்டு தட்டிட்டுக் கையைத் தொடைக்கு நடுவுல வெச்சுக்கிட்டாரு. உக்காந்தேன். வெளிய மாப்பிள்ளையோட ரெண்டாவது கயிறும் போச்சு, இப்ப பாதி ஃபிளெக்ஸ் ரோட்டு மேல பறக்குது, பொண்ணு மட்டும் கம்பத்தைப் புடிச்சுட்டு நிக்குது.

மாதையன் ஒம்போதுல இருப்பானா பத்துல இருப்பானா? நேத்து பத்தாவது மாடிப் பலகையில விட்டான், இன்னைக்குக் கீழ எறங்கி வரணும், ஒம்போதுதான். பென்னாகரம் பக்கத்து ஆளு, கொத்தனார், பூச்சுல அவனை அடிச்சுக்க ஆள் இல்ல. வாயிலயும்தான். நான் வர்றதைப் பாத்தா, ஏ சேஃப்டி வந்துட்டான், எல்லாரும் மாலை போட்டுக்கங்கடாம்பான். பெல்ட்டைச் சொல்றான். அதை மாட்டிக்கிட்டு நீ வந்து பூசிக் காட்டு சாமி, நான் கீழ நின்னு சீட்டி ஊதறேம்பான். கலவை குழைச்சாச்சுன்னா சாமியே வந்தாலும் எறங்க மாட்டான், இறுகிப் போகுமாம். ஒருநாள் சண்டை முத்தி வேலையை விட்டே தூக்கிருவேன்னு சொல்லிட்டேன். அதுக்கு அவன் சொன்னான், பச்சை அட்டை தொங்குனா ஏறறேன், செவப்பு தொங்குனா எறங்கறேன், அதுக்கு மேல என்னை என்ன பண்ணச் சொல்ற, உன் கையெழுத்தை நம்பித்தானே ஏறறேன், எனக்குப் படிக்கத் தெரியுமா என்ன? அன்னைக்கு அது திமிராப் பட்டுது. அவன், அவனோட மச்சான், ஒடிசாப் பசங்க நாலு பேரு, கலவை எடுத்துக் குடுக்கற பொம்பளைங்க ரெண்டு பேரு. எட்டு. சாரம் விழுந்ததை நான் ஒரே ஒரு தடவை பாத்திருக்கேன், திருப்பூர்ல, வேலைக்குச் சேந்த புதுசுல, ஞாயித்துக்கிழமை, ஒருத்தரும் மேல இல்ல. டமார்னு விழும்னு நெனைப்போம். அப்படி விழாது. முதல்ல ஒரு முனகல். அப்புறம் சுவத்துக்கும் சாரத்துக்கும் நடுவுல ஒரு கோடு வெளிச்சம் தெரியும். அந்த வெளிச்சம் மெதுவா அகலமாகும். கையை நீட்டிப் புடிச்சு நிறுத்திரலாம்னு தோணும், அவ்வளவு மெதுவா. அப்புறம்தான் போகும். அந்த வெளிச்சத்தைத்தான் இப்பவும் பாத்துட்டிருக்கேன், மேடையில ஸ்லைடு மாறுது, எனக்குத் தெரியறது அந்தக் கோடு. பயமா இருக்கு. எட்டு பேரை நெனைச்சு எவ்வளவு, என்னை நெனைச்சு எவ்வளவுன்னு பிரிச்சுப் பாக்கப் பிடிக்கல.

பொய் சொல்லிரலாம். வீட்டுல உடம்பு சரியில்ல சார், ஒரு போன் பண்ணணும், ரெண்டு நிமிஷம். வெளிய வராண்டாவுக்குப் போய், குப்புராஜ், டை போட்டியான்னு மெதுவா கேட்டா முடிஞ்சுது. யாருக்கும் தெரிய வேண்டியதில்ல. மனசுக்குள்ள ரெண்டு தடவை சொல்லிப் பாத்துட்டுக் கையைத் தூக்கினேன். என்ன சென்னியப்பன்? போன் வேணும் சார், அவசரம். என்ன அவசரம்? வீட்டுலன்னு வாய் எடுத்தேன். பொண்டாட்டிக்குக் காய்ச்சலா, நெஞ்சுவலியான்னு இன்னும் முடிவு பண்ணல, அந்த ஒரு நொடியில வெளிய ஏதோ படார்னுது, ஃபிளெக்ஸ் கம்பத்தோட சாஞ்சு ஒரு ஸ்கூட்டர் மேல விழுந்திருக்குது, ஹால்ல மத்த எல்லாத் தலையும் ஜன்னல் பக்கம் திரும்புது, நான் திரும்பல. ஏறிப் பாக்காம பச்சை டேக் எழுதிட்டு வந்துட்டேன் சார்னேன். இன்னைக்குக் காலையில. இங்க வர நேரமாச்சுன்னு. மூணு டை பைப்பு இல்லாம இருக்கலாம். எட்டு பேர் மேல இருக்காங்க. குரல் என்றதுதான், ஆனா பக்கத்து ரூம்ல யாரோ பேசற மாதிரிதான் எனக்குக் கேட்டுது.

ஞானதிரவியம் சார் கேட்டியளான்னு சொல்லல. கூடையில கை விட்டுப் பதினேழைத் தேட ஆரம்பிச்சாரு. அப்ப பெர்னாட் எந்திரிச்சாரு. சார், அப்படியே இருவத்தி ரெண்டையும் எடுத்துருங்கன்னாரு. ஏன்னு அவரும் கேக்கல, இவரும் சொல்லல. பின்னால நாற்காலி இழுபடற சத்தம். ஒம்பது சார். முப்பத்தி நாலு. முன்வரிசையில காலையில இருந்து எல்லாக் கேள்விக்கும் டக்கு டக்குன்னு பதில் சொன்ன கண்ணாடிக்காரர் கையை மட்டும் கொஞ்சமா தூக்கி, எனக்கும்னாரு. பதினோரு பேரு எந்திரிச்சதை நான் எண்ணினேன், அப்புறம் எண்ணறதை விட்டுட்டேன். எல்லாருக்கும் இன்னைக்கு நேரமாகியிருக்குது. ஞானதிரவியம் சார் கூடையை அப்படியே தூக்கி மேஜை மேல கவுத்தாரு. பக்கத்துல எங்க வருகைத்தாள் இருந்துது, நாலு கட்டமும் நெறஞ்சு. அதைக் கையில எடுத்துப் பாத்தாரு, மடிச்சுச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டாரு. போய்ப் பேசுங்கய்யான்னாரு.

மூணாவது ரிங்குல எடுத்தான். குப்புராஜ், ஒம்போதுல டை போட்டாச்சா? காத்துச் சத்தத்துக்கு நடுவுல அவன் குரல். ஜன்னல்காரங்க ஃபிரேமைச் சுத்தி வெச்ச பசை காயட்டும்னாங்க சார், சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டுப்போடலாம்னு… எல்லாரையும் எறக்குன்னேன். எதுக்குங் சார், பச்சை டேக் தொங்குதுங்களே, அதைப் பாத்துட்டுத்தானே ஏறுனாங்க. அதை எழுதினவன் சொல்றேன், எறக்கு. உள்பக்க மாடிப்படி வழியா, ஒவ்வொருத்தரா, யாரும் ஓடக்கூடாது, நீ கீழ நின்னு எண்ணிச் சொல்லு. அவன் கத்தறது கேட்டுது. ஹால்ல எங்க பாத்தாலும் எல்லாரும் ஒரு காதைப் பொத்திக்கிட்டுக் கத்திட்டு இருந்தாங்க, எறக்கு, எறக்குன்னு ஒரே பேச்சு. ரெண்டு பொம்பளைங்களும் வந்துட்டாங்க சார். மூணு. நாலு. ஒடிசாப் பசங்க வந்துட்டாங்க, ஆறு. மாதையன் மச்சான், ஏழு. அப்புறம் ஒண்ணும் இல்ல. எட்டு எங்கடா? மாதையன் வர மாட்டேங்கறானுங் சார், கலவை அரைச் சட்டி இருக்குது, இறுகிப்போகும், முடிச்சுட்டுத்தான் வருவேங்கறான். நான் ஏறிப் பாக்காமயே கையெழுத்துப் போட்டுட்டேன்னு அவன்கிட்ட சொல்லு. சார்? சத்தமா சொல்லு, குப்புராஜ், மேல கேக்கற மாதிரி சொல்லு.

சொன்னான். சைட்டு முழுக்கக் கேட்டிருக்கும். சென்னியப்பன் சார் ஏறிப் பாக்காமயே டேக் எழுதிட்டாராம் மாதையா, எறங்குடா! அதுக்கப்புறம் காத்து மட்டும். வலை படபடன்னு அடிச்சுக்கறது போனுக்குள்ள தெளிவாக் கேட்டுது. எவ்வளவு நேரம்னு தெரியல, போனைக் கை மாத்திக்கிட்டேன். அப்புறம் எங்கயோ தொலைவுல ஒரு திட்டு. என்னைத்தான். என்ற அம்மாவைச் சேத்து. அடுத்தது கொஞ்சம் கிட்ட. அதுக்கடுத்தது ஏழாவது மாடியா இருக்கும், மாடிப்படிக்குள்ள எதிரொலிச்சுது, என்ற வம்சத்துக்கே போச்சு. நாலாவது மாடி. ரெண்டாவது. என்ன திட்டறான்னு இப்ப ஒவ்வொரு வார்த்தையும் தெரியுது. எட்டுங் சார்னான் குப்புராஜ், அவன் முடிக்கறதுக்குள்ள மாதையன் போனைப் புடுங்கிட்டான். ஏ சேஃப்டின்னு ஆரம்பிச்சான். நான் சுவத்துல சாஞ்சு நின்னுக்கிட்டு முழுசும் கேட்டேன்.